எல்லை நகர்ந்துகொண்டே வந்த கரை

ராமநாதபுரத்தில் இறங்காமல் நேரே ராமேஸ்வரம் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். எழும்பூரில் இரவு ரயிலேறினால் மறுநாள் காலை பாம்பன் கடல். தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, தனுஷ்கோடிக்கு ஒரு வேன் பிடித்துப் போய்வந்தால் மாலை ரயிலுக்குச் சரியாக இருக்கும். நான் ராமநாதபுரத்திலேயே இறங்கிக்கொண்டேன். ஓர் எல்லைப் பகுதியைப் பார்க்கக் கிளம்பியவருக்கு, அந்த எல்லையை முதலில் காத்தவர்களின் வீட்டு வாசலிலிருந்து தொடங்குவதே முறை என்று பட்டது.

நான் வந்த ரயிலை இன்றும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறார்கள். கப்பலோடு சேர்ந்து ஓடிய ரயில் என்பதால் வந்த பெயர். கப்பல் நின்று நாற்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. பெயரை ஊர் விடவில்லை.

அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்தைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. உள்ளே நுழைந்தால் சுவர், தூண், விதானம் என்று எங்கு பார்த்தாலும் ஓவியம். 18-ஆம் நூற்றாண்டின் முதல் காலில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை. ராமாயணக் காட்சிகள் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஒரு பக்கம். ஐரோப்பியர் வந்து மன்னரைச் சந்திக்கும் காட்சியின் முன்னால்தான் வெகுநேரம் நின்றேன். காவியும் மஞ்சளும் மங்கிப் போயிருந்தாலும், வந்தவர்கள் கடல் தாண்டி வந்த அந்நியர் என்பது உடையிலும் நிற்கும் விதத்திலும் பளிச்சென்று தெரிகிறது. கடற்கரை அரசு தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உலகம் தன் வாசலுக்கு வரும் என்று அந்த அரசு நம்பியிருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அங்கீகரித்தபோது, அவருக்கு இட்ட முக்கியமான வேலை சேது யாத்திரிகர்களுக்கு வழிக்காவல். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர் கிழவன் சேதுபதி. அவருக்கு நெருக்கமானவராக இருந்தவர் கீழக்கரைக் கப்பல் வணிகர் வள்ளல் சீதக்காதி. வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி, காவல் போட்டு, கடல் வணிகத்தில் பங்கும் வைத்திருந்த அரசு அது. இதே சேதுவை அக்கரையிலும் ஒருவர் உரிமை கொண்டாடினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த நாணயத்தில் படுத்திருக்கும் நந்திக்குக் கீழே ‘சேது’ என்று பொறித்திருக்கும். சேது காவலன் என்பது அவர்களுடைய பட்டங்களில் ஒன்று. 1619-இல் போர்த்துகீசியரிடம் யாழ்ப்பாணம் விழும் வரை அந்த அரசு இருந்தது. இடையில் இருந்த தண்ணீரை இரு கரையும் பாதையாகவே பார்த்தன என்பதற்கு அந்தச் சின்னக் காசு போதும்.

இந்தப் பாதையில் யாத்திரிகர் மட்டும் போகவில்லை. 1830-களிலிருந்து இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கூட்டங்கூட்டமாக ஜனங்கள் கங்காணி பின்னால் நடந்து இந்தக் கரைக்கு வந்தார்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் துறைகளில் தோணியேறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடை. காலராவும் காய்ச்சலும் பசியும் அந்த வழியெங்கும் ஆட்களைத் தின்றன. இந்தக் கடற்கரையின் வரலாற்றை எழுதுகிற பலர் ராமர் பாலத்தில் தொடங்கிப் பாம்பன் பாலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இந்த நடைப்பயணத்தைச் சொல்லாமல் விடுவது அநியாயம் என்று நினைக்கிறேன். இன்று நாம் எல்லை என்று சொல்வதன் முதல் வேலி, அந்த ஜனங்களின் உடம்பைச் சோதிப்பதற்காகத்தான் போடப்பட்டது.

பேருந்து உச்சிப்புளியைத் தாண்டியதும் இருபுறமும் தென்னையும் பனையும் உடைமுள்ளும் மாறி மாறி வருகின்றன. பருந்து என்று பெயர் சூட்டிய கடற்படை விமானத் தளம் ஒன்று இங்கே இருக்கிறது. மண்டபம் முகாம் என்ற நிறுத்தம் வந்தது. திரும்பும்போது இறங்கிக்கொள்வதாக எண்ணிக்கொண்டு பாலம் ஏறினேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் 1988 முதல் வண்டிகள் ஓடுகின்றன. நடுப்பகுதியில் எல்லாரும் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் போய் நிற்கிறார்கள். கீழே ரயில் பாலம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் தூக்கு, அமெரிக்கரான ஷெர்சரின் பெயரால் அறியப்பட்டது. இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதன் இரண்டு இலைகளும் மேலெழும். அதன்மேல் ரயில் ஓடுவது 2022 டிசம்பரில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது, மின்விசையில். பாலத்தின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. காற்று ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பக்கத்து மீனவர் படகை மறுபக்கம் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.

பாம்பனிலிருந்து தெற்கே பிரிந்து போனால் குந்துக்கால். எதிரே குருசடைத் தீவு பச்சையாகத் தெரிகிறது. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இந்தக் கரையில் இறங்கினார். சிகாகோ பயணத்துக்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதி வரவேற்றார். அதன் நினைவாக மண்டபம் கட்டியிருக்கிறார்கள். வரும் பயணிகள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இதே குந்துக்காலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் வாரிசுப் போரில் தலையிட்ட முதலாம் பராக்கிரமபாகு, லங்காபுரன் என்ற தளபதியைப் படையோடு அனுப்பினான். அவன் ராமேஸ்வரத்தைப் பிடித்து, குந்துக்காலில் கோட்டை எழுப்பி, தன் மன்னன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டதாகச் சிங்கள அரசரின் வரலாறு சொல்லும் சூளவம்சம் கூறுகிறது. கோட்டை போய்விட்டது. மீன்பிடி இறங்குதளம்தான் இப்போது இருக்கிறது. படையாகவும் துறவியாகவும் மீனாகவும் அக்கரைச் சரக்கு இறங்கிய துறை இது. எல்லை ஊர் ஒன்றின் முழு வரலாறும் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் கிடக்கிறது. அறிவிப்புப் பலகை ஒன்றாவது லங்காபுரனைப் பற்றி வைத்தால் நல்லது. நம்மை வென்றவர்களின் கதையும் நம் ஊரின் கதைதான்.

தங்கச்சிமடத்தில் சாலையோரம் மல்லிகை நாற்றுக் கட்டுகளைப் பார்த்தேன். தமிழ்நாட்டின் பல ஊர்த் தோட்டங்களுக்கு இங்கிருந்துதான் பதியன் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. மணலில் வேர் பிடித்த செடி எந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும் என்று நாற்று விற்ற அம்மா சொன்னார். அதே ஊர் இன்னொரு காரணத்துக்காகவும் செய்தியில் வரும். இலங்கையில் மரண தண்டனை விதிக்கப்பட்டு 2014 நவம்பரில் விடுதலையாகித் திரும்பிய ஐந்து மீனவர்களின் ஊர் இது. 2017 மார்ச்சில் கடலில் சுடப்பட்டு இறந்த இளைஞரின் ஊரும் இதுவே. தாங்கள் சுடவில்லை என்று இலங்கைக் கடற்படை மறுத்தது. அவருடைய உடலை வாங்க மறுத்து ஜனங்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய ரயில் பாதையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பாம்பன் ஒரு சந்திப்பு நிலையம். அங்கிருந்து ஒரு தடம் சுமார் 10 கிலோமீட்டரில் ராமேஸ்வரத்துக்கும், இன்னொரு தடம் சுமார் 24 கிலோமீட்டரில் தனுஷ்கோடிக்கும் பிரிந்தன. பெரிய ரயில் தனுஷ்கோடிக்குத்தான் போகும். ராமேஸ்வரம் கிளைப்பாதை. இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தாகி, ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசியெறிந்ததையும், சிறுவனாக அவற்றைப் பொறுக்கியெடுத்ததையும் அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ரயில் போய் நின்ற இடம் தனுஷ்கோடி. ராமேஸ்வரத்துக்குக் கோயில் இருந்தது. தனுஷ்கோடிக்கோ சுங்கச் சாவடி, துறைமுக அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளி, மாதா கோயில் எல்லாம் இருந்தன. எழும்பூரில் டிக்கெட் வாங்கியவர் இங்கே ரயிலிலிருந்து இறங்கி நீராவிக் கப்பலில் ஏறுவார். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். கோஷன், இர்வின் என்று வெள்ளைக்கார ஆட்சியாளர் பெயர் தாங்கிய கப்பல்கள் போய்வந்தன. டெல்லியை விடக் கொழும்பு பக்கத்தில் இருந்த காலம்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் நிலம் குறுகத் தொடங்குகிறது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறந்தார்கள். அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பும் மீன் லாரியும் தத்தளித்துப் போகும். இப்போது அரைமணி நேரத்தில் காரில் போய்விடலாம். வலப்பக்கம் ஆண் கடல், இடப்பக்கம் பெண் கடல் என்கிறார்கள் இங்கத்து ஜனங்கள். மன்னார் வளைகுடா முட்டி மோதிக்கொண்டே இருக்கும், பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். ஆனால் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் எந்தக் கடலும் அடங்கிக் கிடக்கவில்லை. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை எட்டும் முன்பே அலையில் போயிற்று. அதில் இருந்த 115 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை என்று பதிவு. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

மாதா கோயில் சுவர் இன்னும் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். செங்கல்லைவிடப் பவளப்பாறைதான் அதிகம். தேன்கூடு போலத் துளைத்துளையாக இருக்கும் அந்தக் கல்லைக் கடலிலிருந்து வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருக்கிறார்கள். துளைகளுக்குள் காற்று கொண்டுவந்த மணல் நிறைந்திருக்கிறது. விரலால் தொட்டாலே உதிர்கிறது. சுவரின் மேல் பயணிகள் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். பின்னால் கொஞ்ச தூரத்தில் ஓலைக் குடிசைகள். அங்கே ஒரு பெண் மணலில் கையகலக் குழி தோண்டி, ஊறி வந்த தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அலை விழும் இடத்துக்கும் அந்தக் குழிக்கும் அதிக தூரமில்லை. “குடிச்சுப் பாருங்கண்ணே” என்று நீட்டினார். துளி உப்பில்லை. மழைநீர் மணலுக்குள் தங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், அவர்களுக்கு அளவு தெரியும். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த ஊரில் அறுபது ஆண்டாக ஜனங்கள் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் அது.

புயல் தனுஷ்கோடியை அழித்தது என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் போயின. ஆறு மாதத்தில் சீர்செய்ய வேண்டும் என்றது ரயில்வே. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பாலத்தை 46 நாளில் நிறுத்த முடிந்த அரசு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த துறைமுகத்தையும் ரயில் பாதையையும் திரும்பக் கட்டவேயில்லை. மணல்முனையில் மீண்டும் ஊர் எழுப்புவது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது என்பது என் எண்ணம். அந்த வாசல் முன்போலத் திறந்து கிடக்க வேண்டும் என்ற தேவை அப்போது டெல்லிக்கும் இல்லை, கொழும்புக்கும் இல்லை.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டிலிருந்து குடிவரவுக் கட்டுப்பாடு, விசா. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த ஆட்களுக்குக் கள்ளத்தோணி என்ற வசைப்பெயர் ஒட்டியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அது முடிந்து எட்டு வாரம் ஆவதற்குள் புயல். இவ்வளவு பேரும் வந்து இறங்கியிருக்க வேண்டிய துறையே இல்லாமல் போயிற்று. பின்னர் தலைமன்னாருக்குக் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. ராமானுஜம் என்ற அந்தக் கப்பலில்தான் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் தகரப்பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக வந்து இறங்கினார்கள். பாட்டனார் நடந்துபோன வழியில் பேரப்பிள்ளைகள், பார்த்தேயிராத ‘தாயகத்துக்கு’ வந்தார்கள்.

ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் நடுவே அடா கலே என்று ஒரு தீவு இருந்தது. ருமேனியாவுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையில், துருக்கி பேசும் சிறு ஜனக்கூட்டம். பேரரசுகள் பிரித்துக்கொண்டபோது அந்தத் தீவை ஒப்பந்தத்தில் குறிப்பிட மறந்துபோனார்கள், அந்தச் சந்திலேயே அது பல காலம் பிழைத்தது. 1970-களின் தொடக்கத்தில் இரு நாடுகளும் சேர்ந்து கட்டிய இரும்பு வாயில் அணையின் நீரில் மூழ்கிவிட்டது. எல்லை ஊர்கள் இப்படித்தான் போலிருக்கிறது. இரு பக்கத்துக்கும் வேண்டியிருக்கும்வரை செழிப்பு, வேண்டாதபோது மூழ்கினாலும் கேட்க ஆளில்லை.

அரிச்சல்முனையில் அசோகச் சின்னத் தூணைச் சுற்றி நல்ல கூட்டம். தலைமன்னார் இங்கிருந்து 30 கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவே வரிசையாக மணல் தீடைகள். 2022 மார்ச்சுக்குப் பிறகு, இலங்கையில் பாலும் எரிவாயுவும் கிடைக்காமல் வந்த குடும்பங்களைப் படகோட்டிகள் இந்தத் தீடைகளில்தான் இரவோடிரவாக இறக்கிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு வெயிலில் தண்ணீரில்லாமல் நின்றவர்களைக் கடலோரக் காவல் படை போய் அழைத்துவந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் தன் கைபேசியில் இலங்கை நிறுவனத்தின் அலைவரிசை காட்டுவதை நண்பர்களுக்கு உற்சாகமாகக் காட்டிக்கொண்டிருந்தான். அலைவரிசைக்கு விசா வேண்டாம். மஞ்சளுக்கும் வேண்டாம் போலிருக்கிறது. இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்ததிலிருந்து மூட்டை மூட்டையாக இந்தக் கரையிலிருந்து மஞ்சள் போவதும், அங்கிருந்து தங்கம் வருவதும், போலீஸ் பிடிப்பதும் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓயாத செய்தி.

ராமேஸ்வரம் திரும்பி, கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் ஒரு சுற்று வந்தேன். 18-ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் கட்டிமுடித்த அந்த நெடிய தூண்வரிசையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு மீன்பிடித் துறைமுகம் பார்க்க வேண்டியிருந்தது. விசைப்படகுகள் விளிம்போடு விளிம்பு உரச நெருக்கியடித்து நின்றன. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பாக் நீரிணையில் ஏற்பாடு. மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கித்தான் கிளம்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கரை சேர்ந்த படகில் இறாலும் நண்டும் கணவாயும் தனித்தனிக் கூடையில், மீதியெல்லாம் ஒரே குவியலாகச் சங்காயம். அந்தக் குவியலைக் குனிந்து பார்த்தேன். விரல் நீளம்கூட வளராத மீன்குஞ்சுகள், நசுங்கிய சிறு நண்டுகள், கடல்புல். கோழித் தீவனத்துக்குப் போகும் என்றார் படகுக்காரர்.

எல்லைப் பிரச்சினையின் பாதி அந்தக் குவியலில் இருக்கிறது. 1974 ஜூன் ஒப்பந்தத்தில் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் கணக்கில் இருந்த தீவு, நம் மீனவர் வலை உலர்த்திய தீவு. மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. தீவில் இருக்கும் அந்தோணியார் கோயிலைக் கட்டியவர் தொண்டி பக்கத்து நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பார்கள். 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. இரண்டு ஒப்பந்தத்தையும் செய்தவர்கள் இந்தக் கரைக்காரர் யாரையும் கலந்து பேசவில்லை. இந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் இழுவைமடியைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1960-களிலிருந்து அரசே கடனும் மானியமும் கொடுத்து வளர்த்த தொழில் இது. அடிமண்ணோடு வாரும் இந்த மடி நம் பக்கக் கடலைக் காலியாக்கிவிட்டது. அதனால்தான் படகுகள் கோடு தாண்டுகின்றன. தாண்டிப் போய் வாருவது யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் கடலை. போர் முடியும்வரை கடலுக்குள் இறங்கவே தடையிருந்த ஜனங்கள், இப்போது தங்கள் வலையை நம் படகுகள் அறுத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. கச்சத்தீவை நாளைக்கே திருப்பிக் கொடுத்தாலும் இந்த மடி தொடரும்வரை இறால் நிலைக்காது என்பதைத் துறைமுகத்தில் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், மேடையில் சொல்வதில்லை. “அண்ணே, கடனை அடைச்சுட்டு விட்டுடுறேன், யாரு அடைக்கிறது?” என்று கேட்டார் ஒரு படகுக்காரர். அது விடை சொல்ல வேண்டிய கேள்வி. சொல்ல வேண்டியவர் கரையில் இல்லை.

வீட்டு ஆண்கள் கோடு தாண்டிப் பிடிபடுவதால் இந்த ஊர்ப் பெண்களுக்கு ஊர்க்காவற்துறை, மன்னார் நீதிமன்றங்கள் தெரியும், வெலிக்கடைச் சிறை தெரியும். காவல் நீட்டிப்பு எந்தத் தேதி வரை என்பது விரல்நுனியில் இருக்கிறது. அக்கரையில் கால் வைத்ததே இல்லாத பெண்கள் அவர்கள்.

மண்டபம் முகாமில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் போகும் ஆட்களைத் தடுத்து வைத்துச் சோதிக்க, இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் இது. 1904-இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஏற்பட்டது. அது பிடித்தனுப்பும் ஆட்கள் இங்கே இறங்கிக் குளிக்க வேண்டும், துணியை வேகவைக்கக் கொடுக்க வேண்டும், அம்மை குத்திக்கொண்டு சில நாள் காத்திருக்க வேண்டும். கழுத்தில் கயிறு கட்டித் தகர வில்லை ஒன்று தொங்கும், அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்தியிருக்கும். அக்கரையில் அந்த வில்லைதான் ஆளை அடையாளம் சொல்லும். எல்லை முதன்முதலில் கல்லிலும் கோட்டிலும் வரவில்லை, ஒரு கூலிக்காரரின் கழுத்தில் வந்தது.

அந்தக் கட்டடங்களின் ஒரு பகுதியில் 1940-களின் இறுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் குடியேறியது. அதன் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை நாட்டின் கடல் மீன் ஆராய்ச்சிக்கு இதுதான் தலைவாசல். 1964 ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு இதுவே இடைத்தங்கல். இங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கும் நூற்பாலைக்கும் பிரித்தனுப்பினார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு அகதிகள், அலையலையாக, ஒவ்வொரு கட்டப் போரின்போதும். 2021-இல் அகதிகள் முகாம் என்பதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது தமிழ்நாடு அரசு. புது வீடுகளும் சில முகாம்களில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல காரியம்.

வாசலோரத் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த ஒருவர் மன்னார் பேச்சில் “இருங்கோ அண்ணை” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவருடைய மகள் அதே பேச்சை ராமநாதபுரத்து இழுவையில் பேசினாள். முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, பட்டம் வாங்கியிருக்கிறாள். கடவுச்சீட்டு கிடையாது, வாக்கு கிடையாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைத்தான் பேசுகிறது, இவளைப் பேசவில்லை. தகப்பனாருக்குத் தலைமன்னார் பக்கம் கொஞ்சம் காணி இருக்கிறதாம். போய்ப் பார்க்க ஆசை. நல்லதென்றால் இருக்கலாம், இல்லையென்றால் திரும்பி வரலாம். ஆனால் போனால் போனதுதான், திரும்பிவர வழியில்லை. ஆகவே போகவில்லை.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். போர் அறுத்துப்போட்ட தலைமன்னார் ரயில் பாதை 2015-இல் சீராகித் துறை வரை ரயில் வருகிறது. இந்தப் பக்கம் ராமேஸ்வரம் வரை ரயில் வருகிறது. நடுவில் இருக்கும் தண்ணீரைத் தாண்ட ஒரு கப்பல் விட்டால் 1914-இல் இருந்த வழி திரும்பிவிடும். தொடங்கப் போவதாக இரு அரசும் அவ்வப்போது சொல்கின்றன. தொடங்கட்டும். கூடவே முகாமில் இருப்பவர்களில் இங்கேயே வேரூன்ற நினைப்பவருக்குக் குடியுரிமையும், போய்ப் பார்க்க நினைப்பவருக்குப் போய்த் திரும்பும் பத்திரமும் கொடுக்கட்டும். 1964-இலும் 1974-இலும் டெல்லியும் கொழும்பும் ஆட்களையும் தீவையும் பங்கு பிரித்தபோது இந்தக் கரையில் யாரையும் கேட்கவில்லை. இந்த முறை மண்டபத்துக்கு ஒரு அதிகாரி வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடட்டும்.